வழுக்கும் பக்கம்

ஞாயிறு. இக்கா நகரத்து மணிகள் ஓயுமுன்னே
குவாட் வண்டியின் டயர்க் காற்றைப்
பாதிக்கும் கீழே இறக்கிவிட்டேன்.
பின் சக்கரங்கள் இரண்டிலும் துடுப்புப் பட்டைகள்.
"தண்ணீரே இல்லாத ஊரில் துடுப்புப் போடுகிறவள்"
என்று சிரிப்பான் மைத்துனன் எஃப்ராயின்.
சிரிக்கட்டும், வண்டியில் பாதிப் பணம் அவனுடையது.

ஆறு நாளும் பண்ணைக் கொட்டகையில்
அஸ்பாரகஸ் தண்டுகளை நறுக்குகிறேன்.
பதினேழு சென்டிமீட்டர். பதினேழு சென்டிமீட்டர்.
ஒன்று கூடினாலும் மேற்பார்வையாளருக்கு முகம் கோணும்.
ஏழாம் நாள்
எனக்கு அளவுகோல் ஆகாது.

மணலுக்கு இரண்டு பக்கம்.
காற்று அறைந்து அறைந்து இறுகிய பக்கம்
பழுப்பேறிக் கிடக்கும், சக்கரத்தைத் தாங்கும்.
மறுபக்கம் சலித்த மாவு.
உச்சி வெயிலில் இரண்டும் ஒரே வெள்ளை.
நிழல் செத்த நேரத்தில் வண்டி எடுத்தவர்களை
எலும்பு மருத்துவருக்குப் பெயர் சொல்லித் தெரியும்.

என்னையும் தெரியும்.
முதல் மாதம் நான் பிரேக்கை நம்பினேன்.
வால் விலகத் தொடங்கியதுமே
விரல்கள் தாமாக ஓடிப்போய் இறுக்கும்;
முன் சக்கரம் மணலுக்குள் மூக்கை நுழைக்கும்;
வண்டி என் தலைக்கு மேலே பறந்து
எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும்.
காறை எலும்பு ஒன்று.
தவணை பாக்கி நான்கு.

பிறகு எந்த விழலிலோ, எந்த மேட்டிலோ,
உடம்புக்கு அது பிடிபட்டது.
விலகுகிறதா, விலகட்டும்.
வெளிக்கால் மிதியில் எடையை ஊன்றி
இடுப்பை உள்பக்கம் தொங்கவிட்டு
வால் போகிற திசைக்கே கைப்பிடியைத் திருப்பி,
கட்டைவிரலை மட்டும் எடுக்காமல்.
கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கி,
பொங்கி வரும் பாலுக்கு
அடுப்பைத் தணிக்கிற மாதிரி.
விழுவதற்கும் திரும்புவதற்கும் நடுவே
ஒரு இடம் இருக்கிறது.
அங்கே கொஞ்ச நேரம் குடியிருக்கலாம்.

அன்றைக்கு
பெரிய மேட்டை மூன்றாம் கியரில் ஏறினேன்.
முகடு கத்தி மாதிரி. அதற்கப்பால் வானம்தான்.
தாண்டுவதாகத்தான் நினைப்பு.
முகட்டுக்கு மேலே, இத்தனூண்டு,
ஒரு மஞ்சள் குடையின் நுனி.

வண்டிக்கு உயரக் கம்பியில் கொடி கட்டியிருக்கிறோம்,
எதிரே வருகிறவன் பார்க்க.
உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஏது கொடி?

பிரேக் என்றது பயம்.
கட்டைவிரல் கேட்கவில்லை.
இடதுபக்கம் உடைத்தேன்; வால் வலப்பக்கம் சுழன்றது;
வண்டி குறுக்காக, முழுக்கக் குறுக்காக,
முகட்டை நோக்கிச் சறுக்கிக்கொண்டே
ஏறியது.
கைப்பிடியை மேட்டுப் பக்கம் திருப்பினேன்,
உடம்பைப் பள்ளத்துப் பக்கம் எறிந்தேன்.
ஒரு கூடை மணல் அப்பால் சரிந்தது.
இன்னொரு கூடை.
நின்றது.
வலது பின் சக்கரம்
அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கீழே ஒரு பையன் எழுந்து கத்தினான்:
"பைத்தியமா உனக்கு? சோறு முழுக்க மணல்!"
மடியில் தட்டோடு ஒரு பெண்.
யெசேனியா, யெசேனியா, கண்ணில் விழுந்ததா
என்று அவள் முகத்தைத் துடைக்கப் போனான்.
அவள் அவனைப் பார்க்கவில்லை.
சுற்றுகிற சக்கரத்தைப் பார்த்தாள்.
அதற்கு நேர் கீழே, தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
வாங்கினேன். மூடியைத் திறக்க
எனக்கு வெகுநேரம் பிடித்தது.

மாலையில் பராக்கா காற்று எழுந்தது.
மேட்டில் நேராக ஏறி
அரிவாளாய் வளைந்த என் தடத்தை
அடியிலிருந்து அழித்துக்கொண்டே போனது.
எஃப்ராயினிடம் சொல்லவில்லை.
சோற்றைப் பற்றி மட்டும் சொன்னேன், சிரித்தான்.

திங்கட்கிழமை முதல் தண்டு
இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
மேற்பார்வையாளர் என் கையைப் பார்த்தார்.
கத்திப் பிடியின் மேல்
கட்டைவிரல் இன்னும்
கொஞ்சம் கொடுத்து, கொஞ்சம் வாங்கிக்கொண்டிருந்தது.